தகுதி இருந்தும் வேலை கைநழுவினால்: எந்தக் கட்டத்தில் விலக்கப்பட்டோம் என்று கண்டுபிடிக்கும் வழி

நிராகரிப்புக் கடிதம் வந்த அன்றைக்கு யாருக்கும் பதில் எழுத வேண்டாம். அந்த நிறுவனத்துக்கும் வேண்டாம், உங்களைப் பரிந்துரைத்தவருக்கும் வேண்டாம், சமூக ஊடகத்திலும் வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானதாக இருக்கலாம், பெரும்பாலும் நியாயமானதுதான். ஆனால் அன்றைக்கு எழுதும் எந்த வரியும் உங்களுக்கு உதவப்போவதில்லை. தேர்வுக் குழுவில் உங்களுக்காகப் பேசிய ஓரிருவர் இருந்திருந்தால் அவர்களைச் சங்கடப்படுத்தவே அது பயன்படும். நாலு நாள் கழித்து எழுதலாம். என்ன எழுதுவது என்பதைக் கீழே சொல்கிறேன்.

மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நான் நெடுங்காலம் வேலை பார்த்தவன். வேதியியலில் முதுகலைப் பட்டம், இரவு ஷிஃப்ட் உட்பட எல்லாப் பிரிவுகளிலும் அனுபவம், வெளிநாட்டு ஆய்வாளர்கள் தணிக்கைக்கு வரும்போது அவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்ன பழக்கம், எல்லாம் இருந்தது. ஆய்வகத் தலைவர் பதவி காலியானபோது அது எனக்குத்தான் என்று உடன் வேலை பார்த்தவர்கள் வாழ்த்தவே தொடங்கிவிட்டார்கள். வெளியிலிருந்து வந்த, என்னைவிட அனுபவ ஆண்டுகள் குறைந்த ஒருவருக்கு அது போனது. பின்னர் வேறொரு நிறுவனத்தில் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நல்ல தகுதி உள்ள பலருக்கு ‘இல்லை’ என்று சொன்ன அறைகளில் நானும் இருந்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் பார்த்தபின் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். ‘ஏன் எனக்குக் கிடைக்கவில்லை?’ என்ற கேள்வி நம்மை அரித்துக்கொண்டே இருக்கும். அதற்கு முழு விடை யாரிடமும் இல்லை. ‘எந்தக் கட்டத்தில் நான் விலக்கப்பட்டேன்?’ என்ற கேள்விக்கு விடை உண்டு, அதை நாமே கண்டுபிடிக்க முடியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மருந்து வேறு. நேர்முகத் தேர்வில் விலக்கப்படுகிறவர் இன்னொரு பட்டயப் படிப்பில் சேர்ந்து பயனில்லை. விண்ணப்ப நிலையிலேயே விலக்கப்படுகிறவர் பேச்சுப் பயிற்சிக்குப் போய்ப் பயனில்லை.

முதலில் கோபத்தை இறக்கி வையுங்கள்

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 1994ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலை இழந்த தொழில்வல்லுநர்களில் ஒரு குழுவினரிடம், அந்த இழப்பைப் பற்றித் தங்கள் மனதில் இருப்பதை ஒளிவுமறைவின்றி எழுதச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 20 நிமிடம், தொடர்ந்து ஐந்து நாள். இன்னொரு குழு மனத்தைத் தொடாத விஷயங்களை எழுதியது. மூன்றாவது குழு எதுவும் எழுதவில்லை. மனதில் இருப்பதை எழுதியவர்களுக்கே மற்றவர்களைவிட விரைவாக வேலை கிடைத்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலை தேடி அலைந்ததால் இது நடக்கவில்லை. பழைய வேலையைப் பற்றியும் புதிய வேலையைப் பற்றியும் அவர்கள் மனநிலை மாறியிருந்தது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

தேர்வுக் குழுவில் உட்கார்ந்தபோது இதன் பொருள் எனக்கு நன்றாக விளங்கியது. பழைய நிராகரிப்பின் கசப்போடு வருகிறவரை நேர்முகத் தேர்வில் உடனே அடையாளம் காணலாம். ‘இப்போதிருக்கும் வேலையை ஏன் விட நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டதும் குரல் மாறும், வாக்கியம் நீளும், பழைய மேலாளரின் குணநலன் பேச்சுக்குள் வந்துவிடும். அவர் சொல்வது முழுக்க உண்மையாகவே இருக்கும். ஆனால் எதிரில் இருப்பவர்கள் ‘நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்’ என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே ஒரு நோட்டை எடுங்கள். யாரும் படிக்கப்போவதில்லை என்ற உறுதியோடு எழுதுங்கள்: யார்மேல் கோபம், எது அநியாயம், எதை நினைத்தால் வயிறு எரிகிறது, வீட்டில் என்ன சொல்வது என்ற கூச்சம், எல்லாவற்றையும். அழகாக எழுத வேண்டாம். ஐந்து நாள் ஆனதும் அந்த நோட்டைக் கிழித்துப் போட்டாலும் சரி, பூட்டி வைத்தாலும் சரி. நேரில் சொல்வதற்கு ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். பலரிடம் சொன்னால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள், அத்தனையையும் நீங்கள் சுமக்க வேண்டியிருக்கும். உங்கள் இடத்தில் தேர்வானவருடைய லிங்க்ட்இன் பக்கத்தை மட்டும் இந்த நாட்களில் திறக்காதீர்கள். அதில் இருக்கும் எந்த வரியும் தேர்வு அறையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாது.

தகுதி எதுவரை துணைக்கு வரும்?

கேட்கச் சற்றுக் கசப்பான பகுதி இது. ஒரு வேலைக்கான விளம்பரத்தில் உள்ள படிப்பும் அனுபவமும், யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வதற்கானவை. கூப்பிடப்பட்ட ஐந்து பேருக்கும் அவை இருக்கும். அதற்குப் பிறகு குழு பார்ப்பது அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காத வேறொன்றை: இன்றைக்கு இந்தப் பிரிவில் எரிந்துகொண்டிருக்கும் பிரச்சினை எது, அதை யார் கையில் கொடுத்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆய்வுகளும் ஆண்டுக்கணக்குக்கு அவ்வளவு மதிப்புத் தருவதில்லை. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதை எந்தத் தேர்வு முறை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்பதே கேள்வி. செய்து காட்டச் சொல்லும் சோதனைக்கு 0.54, முன்கூட்டியே வகுத்த கேள்விகளோடு நடக்கும் நேர்முகத் தேர்வுக்கு 0.51, அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு 0.18, படித்த ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு 0.10 என்று தொடர்பு அளவுகள் வந்தன (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). 2022ல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கணக்கைத் திருத்தி, பல எண்கள் மிகையாக மதிப்பிடப்பட்டிருந்தன என்று காட்டினார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் வகுக்கப்பட்ட நேர்முகத் தேர்வு முன்வரிசையிலும் அனுபவ ஆண்டுகள் கடைசி வரிசையிலுமே இருக்கின்றன.

படிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. கண்விழித்துப் படித்துப் பெற்ற பட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது இல்லாமல் அந்த அறைக்குள் போகவே முடியாது. ஆனால் ‘அவரைவிட எனக்குப் பத்து வருடம் கூடுதல் அனுபவம்’ என்ற வாதம் குழுவின் காதில் நாம் நினைக்கும் எடையோடு விழுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

என் விஷயத்தையே சொல்கிறேன். சில மாதம் கழித்து, அந்தத் தேர்வுக் குழுவில் இருந்த மூத்தவர் ஒருவரிடம் நேரில் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த ஆய்வகம் காகிதக் குறிப்பேடுகளை விட்டு லிம்ஸ் என்ற ஆய்வகத் தகவல் மென்பொருளுக்கு மாற இருந்தது. மின்னணுப் பதிவுகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 1997 முதல் நடைமுறைப்படுத்தும் ‘பகுதி 11’ விதிகளின்படி அந்த மாற்றத்தைச் செய்து முடித்த ஓர் ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. தேர்வானவர் அதை முன்பு இருந்த இடத்தில் செய்து முடித்திருந்தார். நான் அந்த வேலையைத் தொட்டதில்லை. விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது இன்றும் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அந்தப் பதில் கிடைத்த நாளில் என் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. அடுத்த இடத்தில் அத்தகைய திட்டம் வந்தபோது நானாகவே கை தூக்கினேன்.

எந்தக் கட்டம் என்று கண்டுபிடிப்பது

ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். விண்ணப்பித்த தேதி, பதவி, யார் மூலமாகத் தெரிந்தது, எந்தச் சுயவிவரத்தை அனுப்பினீர்கள், கடைசியாக எதுவரை போனீர்கள், அவர்கள் சொன்ன காரணம், இவ்வளவு போதும். இதுவரை அனுப்பியவற்றை மின்னஞ்சலில் தேடி நிரப்புங்கள். ஒரே ஒரு நிராகரிப்பை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அது தற்செயலாக இருக்கலாம். வரிசையாகப் பார்க்கும்போது நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

எங்கிருந்தும் பதிலே வரவில்லை என்றால் கோளாறு சுயவிவரத்தில் இருக்கலாம், அல்லது பொருந்தாத இடங்களுக்கு அனுப்புகிறீர்கள். மனிதவளத் துறையிலிருந்து ஓர் அழைப்பு வந்து அதோடு நின்றுவிடுகிறது என்றால் சம்பள எதிர்பார்ப்பு, நோட்டீஸ் காலம், வேலையிடம் ஆகிய மூன்றில் ஒன்றில் தட்டுகிறது. அந்த அழைப்பில் முதலிலேயே சம்பள எண்ணைச் சொல்லாமல், அவர்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். முதல் நேர்முகத் தேர்வோடு நின்றால் உங்கள் அனுபவத்தை நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்க்க வேண்டும். கடைசிச் சுற்றுவரை போய்ப் போய்த் திரும்பினால், உங்களிடம் அடிப்படையில் பிழையில்லை. அங்கே வேறு விஷயங்கள் வேலை செய்கின்றன.

சுயவிவரத்தில் தட்டினால்

பெரிய நிறுவனங்களில் உங்கள் விண்ணப்பம் பெரும்பாலும் முதலில் ஒரு மென்பொருளுக்குள் போகும். அது உங்கள் கோப்பைப் பிரித்துப் பெயர், பதவி, திறன் என்று தனித்தனிக் கட்டங்களில் போடும். பக்கத்தை இடம் வலமாக இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்த அமைப்பு, அட்டவணைகள், படத்துக்குள் எழுதிய எழுத்து போன்றவற்றில் அது தடுமாறக்கூடும். அழகைக் கைவிட்டு, மேலிருந்து கீழாக ஒரே நெடுவரிசையில் எழுதுங்கள். விளம்பரத்தில் அவர்கள் பயன்படுத்திய சொற்களையே, உங்களுக்கு உண்மையிலேயே அந்த அனுபவம் இருக்கும் பட்சத்தில், நீங்களும் பயன்படுத்துங்கள். நீங்கள் இருந்த நிறுவனம் உங்கள் பதவிக்கு வெளியில் யாருக்கும் விளங்காத பெயர் வைத்திருந்தால், பக்கத்திலேயே அது என்ன வேலை என்று சாதாரணச் சொல்லில் எழுதுங்கள்.

மென்பொருளைத் தாண்டியபின் ஒரு மனிதர் பார்ப்பார். அவரிடம் நேரம் இருக்காது. ‘பகுப்பாய்வு முறைகளைச் சரிபார்க்கும் பொறுப்பு வகித்தேன்’ என்ற வரி அவருக்கு எதையும் சொல்லாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரும் அதை எழுதலாம். ‘மூன்று புதிய மருந்துகளுக்கான பகுப்பாய்வு முறைகளைச் சரிபார்த்து முடித்தேன், அதற்குப் பின் வந்த தணிக்கையில் அவற்றின் மீது ஒரு குறையும் எழுதப்படவில்லை’ என்ற வரியை நீங்கள் மட்டுமே எழுத முடியும். முதல் பாதிப் பக்கத்தில் இப்படி நான்கு வரி இருந்தால் போதும். பட்டங்களும் சான்றிதழ்களும் கீழே போகலாம்.

அதிகத் தகுதி உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. கேட்டதைவிட மிகப் பெரிய தகுதியோடு ஒரு விண்ணப்பம் வந்தால், குழுவில் யாராவது ஒருவர் ‘இவர் ஆறு மாதத்தில் போய்விடுவார்’ என்பார். இந்தச் சந்தேகத்தை அவர்கள் உங்களிடம் கேட்கவே மாட்டார்கள். அமைதியாகத் தள்ளி வைத்துவிடுவார்கள். எனவே விண்ணப்பக் கடிதத்தில் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். ஏன் இந்த நிலை வேலையை விரும்பித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை இரண்டு வரியில், உண்மையான காரணத்தோடு எழுதுங்கள். ‘நிர்வாகப் பொறுப்பைவிட ஆய்வக மேசை வேலையையே விரும்புகிறேன்’ என்பது நல்ல காரணம். ‘எந்த வேலையானாலும் பரவாயில்லை’ என்பது நீங்கள் எழுதவே கூடாத வரி.

நேர்முகத் தேர்வில் தட்டினால்

தகுதி மிகுந்தவர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு. வேலை தெரிந்தவர்களுக்குத் தங்கள் வேலை கண்கூடாகத் தெரியும். எதிரில் இருப்பவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று எண்ணிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

நாங்கள் தேர்வுக் குழுவில் உட்காரும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு படிவம் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு மதிப்பெண் கட்டமும், அதற்கான காரணம் எழுத இரண்டு வரி இடமும் இருக்கும். விண்ணப்பதாரர் சொல்வதில் அந்த இரண்டு வரியில் எழுத ஏதாவது இருந்தால் எழுதுவோம். இல்லையென்றால் ‘பொதுவான பதில்’ என்று எழுதி நடுத்தர மதிப்பெண் போட்டுவிடுவோம். அன்று மாலை ஐந்து பேரின் படிவங்களைப் பரப்பி வைத்து ஒப்பிடும்போது, அறையில் அவர் எவ்வளவு நன்றாகப் பேசினார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. எழுதப்பட்டவை மட்டும்தான் மேசையில் இருக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே உங்கள் பதில்கள் மாறும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘சோதனை முடிவு வரம்புக்கு வெளியே வந்தபோது என்ன செய்தீர்கள்?’ என்பது எங்கள் துறையில் தவறாமல் வரும் கேள்வி. பலர் சொல்லும் பதில்: ‘எங்கள் ஆய்வகத்தில் விதிமுறைப்படி விசாரணை நடத்திக் காரணத்தைக் கண்டுபிடித்தோம்.’ இதில் பிழை ஏதுமில்லை, எழுதவும் எதுவுமில்லை. நன்றாகச் சொன்ன ஒருவர் இப்படிச் சொன்னார்: ‘சரக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்ததால் உடனே மறுசோதனை செய்யச் சொல்லி அழுத்தம் வந்தது. காரணம் தெரியாமல் மறுசோதனை செய்ய முடியாது என்று நான் எழுத்தில் பதில் கொடுத்தேன். கருவியின் பதிவையும் கரைசல் தயாரித்த குறிப்பேட்டையும் பார்த்தேன். நீர்த்தல் கணக்கில் பிழை இருந்தது. அதன்பின் அந்தப் படிவத்தில் இரண்டாவது ஆள் சரிபார்த்துக் கையெழுத்திடும் இடத்தைச் சேர்த்தேன். அந்தப் பிழை மறுபடி வரவில்லை.’ குழுவில் எல்லோருடைய பேனாவும் ஓடியது. அவர் சொன்னதில் நெருக்கடி இருந்தது, அவர் எடுத்த முடிவு இருந்தது, செய்த வேலை இருந்தது, அதன் விளைவு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ‘நான்’ இருந்தது.

நம்மில் பலருக்கு ‘நான் செய்தேன்’ என்று சொல்லக் கூச்சம். அது தற்பெருமை என்று சொல்லி வளர்க்கப்பட்டிருக்கிறோம். வீட்டிலும் நண்பர்களிடமும் அந்தக் கூச்சம் நல்ல குணமாகவே இருக்கட்டும். நேர்முகத் தேர்வில் ‘நாங்கள்’ என்று சொன்னால், அந்த வேலையில் உங்கள் பங்கு என்ன என்று தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். உடன் உழைத்தவர்களின் பங்கைத் தனி வாக்கியத்தில் சொல்லுங்கள். உங்கள் பங்கை மறைக்காமல் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இது. உங்கள் வேலை வாழ்க்கையிலிருந்து ஏழெட்டு நிகழ்ச்சிகளை எழுதுங்கள்: ஒரு நெருக்கடி, ஒரு கருத்து மோதல், யாருக்காவது கற்றுக்கொடுத்தது, புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது, முடியாது என்று மறுத்தது, இப்படி. ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சியாகாது. வாயில் வரும்போதுதான் எங்கே வழுக்குகிறது என்று தெரியும். எந்தக் கேள்வி வந்தாலும் இந்த ஏழெட்டில் ஒன்று பொருந்தும்.

நேர்முகத் தேர்வின் முடிவில் ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். அதுவரை காத்திராமல், இடம் கிடைத்தால் முன்னாலேயே ஒன்றைக் கேளுங்கள்: ‘இந்தப் பொறுப்புக்கு வருகிறவர் முதல் ஆறு மாதத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?’ விளம்பரத்தில் எழுதாத உண்மையான தேவை அந்தப் பதிலில் வெளியே வரும். மீதி நேரம் முழுக்க அதை மனதில் வைத்துப் பேசுங்கள். நான் கேட்டிருக்கும் கேள்விகளிலேயே எனக்கு மிக அதிகம் பயன்பட்டது இதுதான்.

கடைசிச் சுற்றில் நழுவினால்: கேட்கும் கடிதம்

நான்கைந்து நாள் கழித்து, உங்களை நேர்முகம் கண்ட துறைத் தலைவருக்கு எழுதுங்கள். மனிதவளத் துறைக்கு மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். நான் எழுதிய மாதிரி இது, உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

‘மதிப்பிற்குரிய அம்மா, கடைசிச் சுற்றுவரை என்னைப் பரிசீலித்ததற்கு நன்றி. உங்கள் முடிவை ஏற்றுக்கொள்கிறேன். அதை மாற்றும்படி கேட்க இதை எழுதவில்லை. இதே போன்ற பொறுப்புகளுக்கு நான் தொடர்ந்து விண்ணப்பிக்க இருக்கிறேன். இந்தப் பதவிக்கு நீங்கள் எதிர்பார்த்தவற்றில் எந்த அனுபவம் என்னிடம் போதவில்லை என்று கருதினீர்கள் என்பதை ஓரிரு வரியில் தெரிவித்தால் எனக்குப் பெரிதும் உதவும்.’

ஒரே கேள்விதான் கேட்க வேண்டும். ‘என் குறைகள் என்ன?’ என்று கேட்டால் யாரும் பதில் எழுதத் துணிய மாட்டார்கள். வழக்கு வரும் என்ற பயம் பல நிறுவனங்களில் உண்டு. ‘எந்த அனுபவம் போதவில்லை?’ என்பது பதில் சொல்ல எளிதான கேள்வி. தொலைபேசியில் பேச அவர்கள் முன்வந்தால் இன்னும் நல்லது. எழுத்தில் சொல்லாததைப் பேச்சில் சொல்வார்கள். அப்போது உங்கள் பக்கத்தை வாதாடாதீர்கள். குறித்துக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், வையுங்கள். இந்தக் கடிதத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. தேர்வானவர் சேராமல் போவதும், வந்து கொஞ்ச நாளில் விலகுவதும் நடக்கக்கூடியவை. அப்போது குழுவின் நினைவுக்கு வரும் பெயர், கண்ணியமாக எழுதியவருடைய பெயர்.

பதிலாக ‘நீங்கள் எங்கள் குழுவுக்குப் பொருத்தமாக இல்லை’ என்று மட்டும் வந்தால் அதைக் கேட்டு உடைந்துபோக வேண்டாம். லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் முன்னணிச் சட்ட, வங்கி, ஆலோசனை நிறுவனங்களில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் 120 பேரைச் சந்தித்துப் பேசி 2012ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தங்களைப் போன்ற பொழுதுபோக்கும் பின்னணியும் பேச்சு முறையும் உள்ளவர்களை அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். சில சமயம் வேலைத் திறமையைவிட அதற்கு அதிக எடை கொடுத்தார்கள். ‘பொருத்தம்’ என்பதற்குள் இப்படி எத்தனையோ அடங்கியிருக்கும். அதை உங்கள் திறமைக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொந்த நிறுவனத்திலேயே உங்களைத் தாண்டிப் போனால்

மிகவும் வலிப்பது இதுதான், ஏனென்றால் மறுநாள் காலை அதே இடத்துக்குப் போயாக வேண்டும். புதிதாக வந்தவரை முதல் நாளிலேயே போய் வாழ்த்துங்கள். தேர்வுக் குழுவில் அவர் இல்லை. உங்கள் மனக்குறைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

பிறகு மேலாளரிடம் நேரம் கேட்டுத் தனியாக உட்காருங்கள். ‘ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள்?’ என்று தொடங்க வேண்டாம். ‘அடுத்த முறை இந்தப் பொறுப்பு எனக்கு வர, இன்றிலிருந்து என்னென்ன என் பெயரில் நடந்திருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி, ‘நான் புரிந்துகொண்டது சரிதானா?’ என்று அனுப்புங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். எழுத்தில் இல்லாத வாக்குறுதி, மேலாளர் மாறும்போது அவரோடு போய்விடும்.

பதவியும் சம்பளமும் தராமல் அந்தப் பதவியின் வேலையை மட்டும் உங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தால், அந்தக் கூட்டத்திலேயே மரியாதையாகப் பேசி முடித்துவிடுங்கள். உங்கள் வேலையை முழுக்கச் செய்யுங்கள். அந்தப் பதவிக்கான கூடுதல் வேலைக்கு ஒரு கால வரம்பு கேட்டு, அதையும் அந்த மின்னஞ்சலில் எழுதுங்கள். அந்தக் கெடு முடிந்த பின்பும் எதுவும் நகரவில்லை என்றால் வெளியே தேடத் தொடங்குங்கள். கையில் நியமன ஆணை வரும்வரை ராஜினாமா என்ற சொல்லை யாரிடமும் உச்சரிக்க வேண்டாம்.

அநியாயம்தான் என்று தெரிந்தால்

எல்லா நிராகரிப்பையும் நாமே சரிசெய்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். மேரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 சுயவிவரங்களை அனுப்பி 2004ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. தகுதிகள் ஒப்பானவை, பெயர்கள் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர் கொண்ட சுயவிவரங்களுக்கு, கறுப்பினத்தவர் பெயர் கொண்டவற்றைவிட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. சாதி, மதம், பாலினம், வயது, உடல் குறைபாடு, குழந்தை பெறும் திட்டம் பற்றிய கேள்வி என எதுவானாலும், உங்களிடம் சொல்லப்பட்டதை அன்றே தேதியோடு எழுதி வையுங்கள். விளம்பரம், மின்னஞ்சல், அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் சேமியுங்கள். விளம்பரங்கள் இணையத்திலிருந்து சீக்கிரம் மறைந்துவிடும்.

சட்ட உதவிக்குக் காலக்கெடு உண்டு. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுக்கப் பொதுவாக 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் பதிவுகளின் நகலை நீங்கள் கேட்கலாம். இந்தியாவில் அரசு வேலை என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இலங்கையில் 2016 முதல் அத்தகைய சட்டம் உண்டு. வழக்குக்குப் போவதா வேண்டாமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டியபின் முடிவு செய்யுங்கள். போக வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் அது கோழைத்தனம் ஆகாது.

தெரிந்தவர்களைப் பற்றி

‘சிபாரிசு இருந்தால்தான் வேலை’ என்று சலித்துக்கொள்கிறோம். அதில் பாதி உண்மை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973ல் வெளியிட்ட ஆய்வில், அறிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களில் அந்த நபரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த வேலைகள் நமக்கும் ஏற்கெனவே தெரிந்தவையாகவே இருக்கும்; தூரத்து அறிமுகங்கள்தான் புதிய செய்தி கொண்டுவருகிறார்கள். பழைய நிறுவனத்தில் கூட இருந்து பிரிந்தவர்கள், தணிக்கைக்கு வந்தவர்கள், கருவி பழுதுபார்க்க வந்த பொறியாளர்கள் ஆகியோரை நலம் விசாரித்து எழுதுங்கள். வேலை வாங்கித் தரச் சொல்லாதீர்கள். ‘உங்கள் பக்கம் இப்போது எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

அதே இடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாமா?

கடைசிச் சுற்றுவரை போயிருந்தால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம், ஆனால் இடையில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்: அவர்கள் இல்லை என்று சொன்ன அனுபவம், ஒரு புதிய பொறுப்பு, முடித்துக் காட்டிய ஒரு திட்டம். முன்பு விண்ணப்பித்ததை மறைக்க வேண்டாம். அவர்களிடம் பதிவு இருக்கும். கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: ‘சென்ற முறை இதே பிரிவின் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தேன். மின்னணுப் பதிவு முறைக்கு மாறிய அனுபவம் என்னிடம் போதவில்லை என்று அப்போது தெரிவித்தீர்கள். அதன்பின் எங்கள் ஆய்வகத்தில் அந்த மாற்றத்தைத் தொடக்கம் முதல் தணிக்கைவரை நான் முன்னின்று நடத்தினேன். விவரம் இணைப்பில் உள்ளது.’ தேர்வுக் குழுவில் இருந்தபோது இப்படி ஒரு கடிதம் எங்களுக்கு வந்தது. அந்தப் பெண்ணை நாங்கள் முதல் ஆளாக அழைத்தோம்.